பிசிறு வெட்டும் கத்திரி

சேவூர்
6.9.2025

அன்பு மாப்பிள்ளை அருள்செல்வனுக்கு,

"உங்களுக்கு மட்டும் கேக்கற அந்தக் குரல் எப்படித்தானுங்க மச்சான் இருக்கும்?" என்று போன வருசம் கோயில் நோம்பிக்கு வந்தபோது கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்களாகவே ஒரு பதிலை, என் செல்போனுக்கு அனுப்பிய உங்கள் குறும்படத்தில் வைத்துவிட்டீர்கள். குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் எதிரொலி, அடியில் ஓர் உறுமல்.

இப்போது சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன். "தப்பாப் போடறீங்க வாத்தியாரே" என்று மூன்றாம் பெஞ்சிலிருந்து கேட்கும். பஸ்ஸில் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்கிற குரல் போலத்தான். அந்தப் பெஞ்சில் ஆள் இருக்காது. திரும்பிப் பார்ப்பேன். பிறகு கணக்கை முடிப்பேன்.

வாத்தியாரான என்னைப் பனியன் கம்பெனி செக்கிங் ஆளாக மாற்றினீர்கள், சரி. கடைசியில் கத்திரியைத் தூக்க வைத்து, அலறலோடு திரையை இருட்டாக்கினீர்களே, அது யார்? சாக்பீஸ் டப்பாவில் மாத்திரையை ஒளித்துவைத்து இருபது வருசம் விழுங்கியவன் நான். இனி ஒளிக்க மாட்டேன். படத்தில் என் பெயரைப் போடுங்கள். ஆனால் அதில் இருப்பது நானாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
தண்டாயுதபாணி

திருப்பூர்
11.9.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

போனில் திட்டியிருந்தால் பாதியில் கட் பண்ணியிருப்பேன். கடிதத்தில் அதற்கு வழி இல்லீங்களே!

பிரிண்டிங் வேலை முடிந்து வந்து பத்து நாள் உட்கார்ந்து சேர்த்த சத்தமுங்க அது. பஸ்ஸில் கேட்கிற குரலை வைத்தால், பார்க்கிறவர்களுக்கு நோய் என்று எப்படித் தெரியும்? பயந்தால்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 28ஆம் தேதி திரையிடல். மறுபடி எடுக்க நாளும் இல்லை, நடிகரும் இல்லை.

பெயர் வேண்டாமுங்க. உங்களிடம் படித்தவர்களே நூறு பேர் வருவார்கள். அக்காவையும் நினைத்துப் பாருங்கள்.

அருள்செல்வன்

சேவூர்
15.9.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவை நினைத்தேன். அதனால் அவளையே உட்காரவைத்துப் படத்தைக் காட்டினேன். சுப்புலட்சுமி ஒரு நிமிடம் பார்த்தாள். "இது யாருங்க, பேயா?" என்று எழுந்துவிட்டாள்.

பிடித்து உட்காரவைத்து, செல்போனில் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி காட்டினேன். உங்கள் நடிகர் பனியன் மடிக்கிறார். ஆளில்லாத ஸ்டூலைத் திரும்பிப் பார்க்கிறார். மறுபடி மடிக்கிறார்.

"சோறு உங்கறப்ப நீங்க இப்பிடித்தானுங்க திரும்புவீங்க" என்றாள்.

கத்திரி வந்தது. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நூல் பிசிறு வெட்டத்தானுங்க எடுக்கறாரு. இதுக்கா என்ற தம்பி மேல இத்தனை கோவம்?"

மாப்பிள்ளை, என்னை நன்றாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். ஒரு காட்சியைக்கூட மறுபடி எடுக்க வேண்டாம். பயம் முழுக்க நீங்கள் பிறகு சேர்த்த சத்தத்தில் இருக்கிறது.

என்னிடம் படித்த நூறு பேரும் வரட்டும். முன்வரிசையில் நானும் உங்கள் அக்காவும் இருப்போம். அவள் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். பெயர்: சு. தண்டாயுதபாணி, கணக்கு ஆசிரியர், ஓய்வு.

எனக்குப் பதில் எழுதுமுன், சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை உங்கள் படத்தைப் பாருங்கள்.

மச்சான்