உன் வண்டி மறுபடி ஒழுகியது, அண்ணா

என் அருமை அண்ணனுக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. உன் பழைய பைக் மறுபடி ஒழுகித் தொலைத்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் வண்டியோடு மல்லுக்கட்டுவதுதான் எங்களுக்கு வேலை.

என் மகள் ரம்யாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ராசிபுரம், நல்ல பையன். எல்லாம் கூடிவந்த நேரத்தில் உன் மருமகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"மாமன் சீரு மாமன் வண்டீலதான் வரோணும். இல்லீனா எனக்குச் சீரே வேண்டாங்மா."

வண்டியில் வரட்டும், சரி. யார் கொண்டுவருவது? உனக்கோ பிள்ளை இல்லை. நம் பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "சாந்தி புருசன் இல்லாதவ, அவ சீரு கொண்டாறது மொறை இல்ல சாமி. பங்காளிப் பசங்கள்ல ஒருத்தன் காருல கொண்டாந்து எறக்கீருவான்." சாந்தி அண்ணி அங்கேயேதான் நின்றாள்.

முதலில் வண்டி ஓடட்டும் என்று மோகனூர் ரோட்டு மெக்கானிக் குமரேசனை உன் வீட்டுக்கு வரச் சொன்னேன். பெட்ரோலைத் திறந்துவிட்டதுதான் தாமதம், கார்புரேட்டரிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. "யாரும் பீடி கீடி பத்த வெக்காதீங்க" என்று கத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் தெருமுனைக்கே போய்விட்டார்.

குமரேசன் கார்புரேட்டரைப் பிரித்து உள்ளே இருந்த பித்தளை ஃப்ளோட்டை எடுத்தான். பெட்ரோல் நிறைந்ததும் மிதந்து எழும்பி, அது வரும் வழியை அடைக்க வேண்டிய சாமான். அதன் முதுகு முழுக்க ஈயக் கட்டி.

"ஏனுங்கக்கா, இதுக்கு ஈயம் வெச்சது போர்வெல் ரிக் வெல்டருங்களா?"

"எங்கண்ணன்தானுங்க. எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?"

"போர் பைப்புக்கு வெக்கற மாதிரியல்ல வெச்சிருக்காரு! இது எப்புடிங்க மெதக்கும்? கல்லாட்டம் முங்குது."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. ஒழுகுகிறதென்று ஈயம் வைப்பாய். கனம் கூடி ஃப்ளோட் முங்கும், மறுபடி ஒழுகும். மறுபடியும் ஈயம் வைப்பாய். பழியை மட்டும் பெட்ரோல் பங்க் மேல் போடுவாய். திருச்செங்கோட்டில் ரிக் லாரிக்கு வெல்டிங் வைத்துப் பழகிய கைக்கு எதையும் லேசாகச் செய்யத் தெரியாதா? என் வீட்டு கேட் ஆடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு நீ வைத்த இரும்பில், இன்றைக்கும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் அது திறக்கிறது.

குமரேசன் ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கி உள்ளே இருந்த பெட்ரோலைப் போக்கினான். பிறகு உன் ஈயத்தையெல்லாம் உருக்கி வழித்தான். அடியில் இருந்தது ஊசிமுனை அளவு ஓட்டை. ஒரு பொட்டு ஈயத்தில் அடைந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனூண்டு ஓட்டைக்கு அவ்வளவு ஈயம் வைத்த மனுஷன், நெஞ்சை அடைக்கிறது என்றபோது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வாயுதான், ஒரு சோடா குடிச்சாச் செரியாப்போயிரும்" என்றாயே. உன் உடம்பை மட்டும் ஏன் அப்படி அலட்சியமாக விட்டாய்? கேட்டால் பதில் சொல்லவா போகிறாய்?

வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று குமரேசன் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். நீ ரிக்கோடு மாசக்கணக்கில் வடக்கே கிடந்தபோது, பால் கேனை மாட்டிக்கொண்டு இதை ஓட்டியவள்தானே. ஒரே உதை. ஊரைச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"வண்டிய வேற யாராச்சும் ஓட்டீட்டு வரட்டும் செல்வி. நான் பொறவால ஓரமா வந்துக்கறேன்" என்றாள். ஹேண்டிலை மட்டும் விடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை அண்ணா. நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "எங்கண்ணன் சீரு எங்கண்ணி கையில வந்தா வாங்குவனுங்க. வேற எவன் கொண்டாந்தாலும் அப்புடியே திருப்பி அனுப்பீருவேன்" என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கல்யாணத்துக்கு வருவாரோ மாட்டாரோ, தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி வருவாள். பின்னால் சீர்க்கூடையைக் கட்டிக்கொண்டு, உன் வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வருவாள். மண்டப வாசலில் அத்தனை பேர் பார்க்க, அவள் கையைப் பிடித்து முதல் ஆளாக உள்ளே கூட்டிப்போவேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் தீராத தங்கச்சி,
செல்வி