மழை தொடாத விதை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அங்கே நீ நலம் என்று நீ சொல்கிறாய், நானும் நம்புவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் காய்ச்சலில் சுருண்டு கிடந்துவிட்டு, எழுந்து நடமாடிய பிறகு ஏதோ கடைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொன்னாயே, அதிலிருந்து உன் "நல்லா இருக்கேம்மா"வுக்கு இந்த வீட்டில் மதிப்புக் குறைந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது தெருவே கேட்கிற மாதிரி முனகுகிறார், சாப்பிடக் கூப்பிட்டால் சத்தமில்லாமல் இறங்கி வருகிறார். வியாழக்கிழமை நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். அன்றைக்கு என் வகுப்பில் ஒரு பிள்ளையைக் காணவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவேன், உன் அப்பா பிடுங்கிக்கொண்டு மீதியைத் தப்பும் தவறுமாக முடித்து வைப்பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வகுப்பு எப்படி என்று உனக்குத் தெரியும். செடி எப்படி முளைக்கிறது என்று பலகையில் படம் போட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கும். அவர்களையே விதையாக்கிவிட்டால் ஒருத்தரும் அசையமாட்டார்கள். காற்று விதையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும், ஆளுக்கொரு இடம் பார்த்துச் சுருண்டு படுங்கள், விதைக்கு வாய் கிடையாது, மழை வந்து தலையைத் தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மழை நான்தான், கையில் காலிப் பூவாளி. பாதிப் பேரைத் தொட்டிருப்பேன், அதற்குள் அலுவலகத்தில் அவசரமாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று ஆள் வந்துவிட்டார். போன இடத்தில் நேரமாகிவிட்டது, சாப்பாட்டு மணி அடித்தது, பக்கத்து வகுப்பு டீச்சர் உதவி செய்வதாக நினைத்து எல்லோரையும் எழுப்பி வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பாடு முடிந்து எண்ணினால் வெட்டுக்கிளி இல்லை. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது, அதனால் வந்த பெயர். ஒரு கணக்குப் போடுவதற்குள் பெஞ்சுக்கு மேலும் கீழுமாக நாலு இடம் மாறிவிடுவாள்.

அதனாலேயே எல்லோரும் வெளியேதான் தேடினோம். இவள் எங்கே ஒரு இடத்தில் இருக்கப்போகிறாள், கேட்டைத் தாண்டி ஓடியிருப்பாள் என்றே எல்லோருக்கும் தோன்றியது. காவலாளி யாருமே போகவில்லை என்று அடித்துச் சொன்னார், பிறகு டீக்குப் போனதை ஒப்புக்கொண்டார். வெளியே பஸ் ஓடும் சாலை. தண்ணீர்த் தொட்டியின் மூடியை யாரோ திறந்தார்கள், நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் அம்மா பேக்கரியில் வேலை பார்க்கிறவள், முழங்கைவரை மாவோடு ஓடி வந்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "எங்க டீச்சர் என் பொண்ணு?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். அவள் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றினாள், நான் பின்னாலேயே போனேன். அலுவலக வாசலில் நான் வைத்துவிட்டு வந்த பூவாளி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் மழை பாதியில் நின்றுபோனது எனக்கு உறைத்தது.

வகுப்புக்கு ஓடினேன். பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால், பாய்களின் அடியில், முட்டியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, வேர்த்து விறுவிறுத்துப்போய்க் கிடந்தாள். தலையில் கை வைத்தேன். உடனே இரண்டு கையையும் சேர்த்து மெதுவாக மேலே தூக்கினாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே முளைத்தாள். இத்தனை பேர் கூப்பிட்டோமே, அம்மா குரல்கூடக் கேட்கலையா என்றால், "கேட்டுச்சு, விதைக்கு வாய் கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்கிறாள். அவள் அம்மா அவளை வாரித் தூக்கிக்கொண்டு, "இவள வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் தலைமை ஆசிரியையும், "போதும் டீச்சர், இனிமே பெஞ்சுல உக்காரவெச்சுப் புத்தகத்த நடத்துங்க" என்றுவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பா கேலி பேசாமல் இருந்தார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள். திங்கட்கிழமை அவள் அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு மாற்றுச் சான்றிதழ் கேட்டு என் வகுப்பு வாசலுக்கே வந்திருந்தாள், தலைமை ஆசிரியையும் கூட நின்றார். வெட்டுக்கிளி தன் அம்மாவின் கையை உதறிவிட்டு நேரே வந்து பாய்க்குள் புகுந்துகொண்டாள். அதைப் பார்த்து மற்றதுகளும் பெஞ்சை விட்டு இறங்கிச் சுருண்டுவிட்டன. எழுந்திருங்கள் என்று சொல்லவேண்டியவள் நான். சொல்லாமல், இன்றைக்கு விதைக்கு வாய் உண்டு, மழை வரக் காணோம் என்றால் கூப்பிடலாம் என்றேன். சொல்லிவிட்டு ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு வந்தேன், பாய்ப் பக்கம் மட்டும் போகவில்லை, பூவாளியோடு நடுவில் நின்றுவிட்டேன். வாசலில் அவள் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பாய் அசையவே இல்லை. இவள் கூப்பிடாவிட்டால் இந்தப் பிள்ளையை நான் கெடுத்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். கடைசியில் பாய்க்கு அடியிலிருந்து, "மழை, இங்க ஒரு விதை இருக்கு" என்று குரல் வந்தது. நான் நகர்வதற்குள் அவள் அம்மா உள்ளே வந்து, என் கையிலிருந்து பூவாளியை வாங்கிக்கொண்டு போய் மகள் தலையைத் தொட்டாள். தலைமை ஆசிரியை வாசலில் நின்றபடியே விரல் விட்டுப் பிள்ளைகளை எண்ணினார். மாற்றுச் சான்றிதழைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

உன் காய்ச்சலைப் பற்றி எதற்கு ஆரம்பத்திலேயே எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும். எங்களைப் பதறவைக்கக் கூடாது என்று நீ வாயை மூடிக்கொண்டு படுத்திருந்ததை நினைத்தால் எனக்கு அந்தப் பாய்தான் கண்ணுக்குள் வருகிறது. சமர்த்தாக இருந்தது போதும் என் தங்கமே. முடியவில்லை என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடு, அப்பா முழங்கால் வலியை மறந்து படியிறங்கி ஓடிவந்து எடுப்பார். நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். ஈரத்தலையோடு தூங்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பேசு, நல்லா இருக்கேன் என்று ஆரம்பிக்காமல் பேசு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா
(இன்னும் மழை வேலையில்தான் இருக்கிறேன்)