கழுதைக்கு இருபுறமும் எடை

மார்ச் 3, 2019. ஞாயிறு

தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருக்கிறது. நேற்று மதீனாவுக்குள், அதாவது மதிலுக்குள் இருக்கிற பழைய ஊரில், ஒரு நிச்சயதார்த்தம். உள்ளே வண்டி போகாது. நகரவாயிலில் வண்டியை விட்டுவிட்டு என் ஸ்பீக்கர் பெட்டியை நாலு பேர் தூக்கினோம். நாற்பத்தாறு கிலோ. சந்து முடக்கில் சுவரில் இடித்து ஒரு மூலை பெயர்ந்தது. சுவருக்குச் சொந்தக்காரி மாடியிலிருந்து எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள்.

அப்துல்ஹக், எங்கள் குழுத் தலைவர், வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "லுப்னா, இனிமே மதீனாவுக்குள்ள உன் பேஸ் கிட்டார் வேணாம். தாரிக்கோட இடது கை போதும்."

தாரிக்கின் இடது கை! கீபோர்டில் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டு அவன் எழுப்புகிற அந்தக் குமட்டல் சத்தமும் நானும் ஒன்றா? பதினோரு வருடம் வாசித்திருக்கிறேன். ஃபெஸ்ஸில் எங்களுக்கு வருகிற விருந்துகளில் பாதி மதீனாவுக்குள்தான். பாதி போனால் மீதி எத்தனை நாளைக்கு?

விடமாட்டேன். பெட்டிதானே கனம்? பெட்டியை மாற்றுகிறேன்.

மார்ச் 5

எட்டு அங்குல ஸ்பீக்கர் நாலு. புதுவகைக் காந்தம், ஒன்று ஒன்றரைக் கிலோகூட வராது. நாலும் சேர்ந்தால் பழைய பெட்டியிலிருக்கிற பதினைந்து அங்குல ஸ்பீக்கரின் கூம்பு தள்ளும் காற்றைத் தள்ளும். மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். தாரிக் "அடியில சக்கரம் வச்சுக்க" என்கிறான். படிக்கட்டுச் சந்தில் சக்கரத்தை வைத்து என்ன செய்ய? அவன் மூளைக்குத்தான் சக்கரம் வைக்கவேண்டும்.

மார்ச் 9

நாலு ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கிற படத்தை எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போனேன். அங்கே கோவேறு கழுதையில் சந்துகளுக்குள் சாமான் ஏற்றிப்போகிற அய்யாஷி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"லுப்னாக்கா, இத எங்க வைக்கிறது? முதுகு மேலயா? அது என்ன மேசையா? ஒரு பக்கம் எவ்வளவோ, மறுபக்கமும் அவ்வளவு இருக்கணும். ரெண்டா குடு. இல்ல, நீயே தூக்கிக்க."

பக்கத்திலிருந்த கழுதைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முகம் எரிந்தது. பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது — அவன் சொன்னது சரி. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பீக்கர். விருந்து நடக்கிற வீடு சிறியது என்றால் ஒரு பெட்டி மட்டும் போதும்!

திரும்பிப்போய் டேப் வைத்து அளந்தேன். சந்து மிக நெருங்கும் இடம் ஒரு மீட்டர் பதினைந்து. கழுதைக்கு ஐம்பது சென்டிமீட்டர். அப்படியானால் பெட்டியின் ஆழம் முப்பதைத் தாண்டக் கூடாது. கழுதையை அளந்தபோது அது என் கையை முகர்ந்து பார்த்தது.

மார்ச் 16

தச்சன் புஷ்தாவிடம் கொடுத்திருக்கிறேன். இந்த ஊரில் பாதி வாசல்களுக்கு இரட்டைக் கதவு போட்டவன். தேவதாருதான் போடுவேன் என்று நின்றான். கனம், அதோடு வெடிக்கும். இலேசான ப்ளைவுட் போதும் என்றேன்.

"ப்ளைவுட்டா? ஆரஞ்சு அடுக்குற பெட்டி செய்யவா என்கிட்ட வந்த?"

"ஆமா. நான் சத்தத்த அடுக்கப்போறேன்."

மார்ச் 29

முதல் பெட்டி தயார். பதினோரு கிலோ! ஒரு கையில் தூக்கிவிட்டேன். கம்பியை நானே பற்றவைத்தேன். அடிச்சத்தம் வெளியே வருகிற காற்றுக்குழாயை ஒவ்வொரு சென்டிமீட்டராக மூன்று தடவை அறுத்துச் சரிசெய்தோம். பிறகு கிட்டாரின் தடித்த கம்பியை ஒருமுறை தட்டினேன். புஷ்தாவின் தேநீர்க் குவளை மேசையில் தானாக நகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்தூள் என்று சொன்னேன்.

நாளை முதல் ஒரு வாரம் பக்கத்து ஊர் மெக்னெஸில் வேலை. "இதப் பாத்து இன்னொன்னு செஞ்சிடு, கம்பி உட்பட" என்று புஷ்தாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7

எழுதவே பிடிக்கவில்லை.

ஒத்திகைக்கு இரண்டையும் கொண்டுபோனேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். சேர்த்து மாட்டித் தட்டினேன் — ஒன்றுமில்லை. கொசு ரீங்காரம். ஒன்றைக் கழற்றினால் மற்றது இடிக்கிறது. எதைக் கழற்றினாலும் இடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அடிச்சத்தம் எங்கேயோ போய்விடுகிறது. எங்கே போகிறது?

அப்துல்ஹக் சொன்னார்: "இதுக்கா கழுதை? கழுதையே இதவிட நல்லா கத்தும். கழுதை மேல வர்ற சாமான் எதுவும் என் குழுவுக்கு வேணாம்மா. இருபதாம் தேதி மருதாணி விருந்த தாரிக் பாத்துக்குவான்."

தாரிக் இடது கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினான். அந்தக் கையை உடைத்து அடுப்பில் போட்டாலும் என் ஆத்திரம் தீராது.

ஏப்ரல் 8

கணக்கில் பிழை இல்லை. பிழை இல்லை. அப்புறம் ஏன்டி லுப்னா?

ஏப்ரல் 10

கண்டுபிடித்தேன்!

சுவர்க் கடிகாரத்து பேட்டரியைக் கழற்றி, முதல் பெட்டியின் கம்பிமுனையில் தொட்டேன். கூம்புகள் வெளியே துள்ளின. இரண்டாவது பெட்டியிலும் அதேபோல் தொட்டேன். உள்ளே இழுத்தன! ஒன்று காற்றைத் தள்ள, மற்றது அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

புஷ்தாவிடம் ஓடினேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "திருப்பித்தான் செஞ்சேன். குழாய் அதுல இடப்பக்கம், இதுல வலப்பக்கம். கம்பியையும் அப்படியே திருப்பிப் போட்டேன். ரெண்டு கதவும் ஒரே பக்கமா பாத்துக்கிட்டு நின்னா அது வாசலா?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கதவு செய்கிறவனிடம் இரண்டாவதைச் செய்யச் சொன்னால் அவன் கை எப்படிப் போகும்? குழாய் இடம் மாறியிருப்பதை நானும்தான் பார்த்தேன். பார்த்து, அழகாக இருக்கிறதே என்று வேறு நினைத்தேன்.

இரண்டு கம்பியை மாற்றிப் பற்றவைத்தோம். ஐந்தே நிமிடம். சேர்த்துத் தட்டினேன். பரணிலிருந்த உளி ஒன்று கீழே விழுந்தது. "யா லத்தீஃப்!" என்று புஷ்தா தெருவுக்கே ஓடிவிட்டான்.

ஏப்ரல் 12

அப்துல்ஹக்குக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சரியாயிடுச்சு. இருபதாம் தேதி வர்றேன்."

"ஆள் கணக்கு சொல்லியாச்சு. அதுல நீ இல்ல."

"இல்லாட்டியும் வர்றேன். உள்ள விடலன்னா வாசல்ல உக்காந்து வாசிக்கிறேன்."

வைத்துவிட்டார். போகத்தான் போகிறேன்.

ஏப்ரல் 20. சனி

காலையிலிருந்து மழை. பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றிக் கழுதையின் இருபுறமும் கட்டினோம். ஆம்ப்ளிஃபயர் என் முதுகுப்பையில், கிட்டார் தோளில். "பாலக்! பாலக்!" என்று அய்யாஷி வழிவிலக்கிக்கொண்டே முன்னால் போனான். நெருக்கமான இடத்தில் இருபுறமும் இரண்டு விரல் இடம் மிச்சம். நான்தானே அளந்தேன்! அறுபத்துமூன்று படி. கழுதை ஒருமுறைகூட நிற்கவில்லை.

மணப்பெண்ணின் தாய் கதவைத் திறந்தாள். பாட்டுக்காரர்களில் நான் ஒருத்தி என்றேன், பொய்யில்லையே. முற்றத்தில் கம்பளத்தின் ஓரமாகப் பெட்டிகளை அடுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மற்றவர்கள் நனைந்துபோய் வந்தார்கள். தாரிக்கின் கையில் கீபோர்டு மட்டும். அவனுடைய பெரிய ஸ்பீக்கரை ஏற்றிய தள்ளுவண்டி ஈரப் படியில் ஏறாமல் அடியிலேயே நின்றுவிட்டது. அய்யாஷியைக் கேட்டிருக்கிறார்கள். ஒற்றைப் பெட்டியை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

பெண்கள் எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. அப்துல்ஹக் என் பெட்டிகளையே பார்த்தார். தாரிக்தான் கிட்டே வந்தான்.

"லுப்னா... உன் ஆம்ப்ளிஃபயர்ல இன்னொரு வயர் சொருக இடம் இருக்கா?"

"இருக்கு. ஆனா இடது கைய மடியில வச்சுக்க."

வைத்துக்கொண்டான். அவன் கீபோர்டு சளி பிடித்தாற்போல்தான் கேட்டது. எனக்கென்ன? முதல் தாளத்திலேயே தரை அதிர்ந்தது, மணப்பெண்ணின் அத்தைகள் செருப்பை உதறிவிட்டு எழுந்தார்கள். மூன்றாவது பாட்டில் அப்துல்ஹக் தன் வயலினை நிறுத்திவிட்டு என்னைத் தனியாக வாசிக்கவிட்டார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சந்தோஷத்தில் ஒரு சுரம் தப்பாக அடித்தேன். யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 23

அப்துல்ஹக் போன் செய்தார். மே மூன்றாம் தேதி மதீனாவுக்குள் ஒரு கல்யாணம். சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கழுதைய எத்தன மணிக்கு வரச் சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார்.