என் பேரில் ஒரு கஞ்சாக் கடை

பிப்ரவரி 9

மழை. விறகு பிளந்துகொண்டிருந்தேன். அண்ணன் வெண்டல் நான் குடியிருக்கிற டிரெய்லர் வண்டிக்கு நடந்தே வந்தான், கையில் காபியோடு. ஜெயிலிலிருந்து நான் வந்த நாள் முதல் அவன் எனக்குக் காபி கொண்டுவந்தது கிடையாது. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"டேய் ஓரின், டவுன்ல கஞ்சாக் கடை போடப் போறோம்டா. லைசென்ஸோட."

"போடுண்ணே. எனக்கென்ன?"

"கஞ்சாவுக்காக உள்ள போனவனுக்குத்தான் முதல் லைசென்ஸ்னு நம்ம கவுண்டி சர்க்கார்ல சட்டம் போட்டிருக்கான். நீதான்டா ஓனர்!"

காபியில் சர்க்கரை இல்லை. நான் சர்க்கரை போட்டுக் குடிப்பவன் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

பிப்ரவரி 11

இந்த மலையில் ஒரு வழக்கம். கஞ்சாத் தோட்டம் தேடி போலீஸ் ஹெலிகாப்டர் வந்து இறங்கினால் குடும்பத்தில் ஒருத்தன் முன்னால் போய் "எல்லாம் என்னுது" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் தப்பிப்பார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன்தான் போவான். செடி எல்லாம் வெண்டலுடையது. தண்ணீர்க் குழாய் இழுக்கிற வேலைதான் எனக்கு. ஹெலிகாப்டர் எங்கள் தோட்டத்தில் இறங்கிய அன்றைக்கு என் முதுகில் கை வைத்து, "முன்னால போய் நில்லு. வேற ஒண்ணும் பேசாத" என்றான்.

நின்றேன். நாலு வருஷம். எழுத்துக்கூட்டப் படித்தது அங்கேதான். இந்த நோட்டும் அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

பிப்ரவரி 23

அண்ணி டார்லா சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து லைசென்ஸுக்கான திட்டம் எழுதுகிறாள். கேமரா எங்கே, பெட்டகம் எங்கே, வாசனை தெருவுக்குப் போகாமல் எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் — எல்லாம் எழுதணுமாம். 'எங்கள் கதை' என்று தனியாக ஒரு பக்கம். அதற்குத்தான் மார்க்கு அதிகம். என்னைச் சொல்லச் சொன்னாள்.

பக்கத்துப் பள்ளத்து ஹேஸலுடைய ஆடு நம் தோட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அது வேலியோரச் செடி ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு இரண்டு நாள் தூங்கியது. செத்துவிட்டது என்று ஹேஸல் குழி தோண்டினாள். குழி பாதி ஆனபோது ஆடு எழுந்துவந்து எட்டிப்பார்த்தது. அப்புறம் அந்த ஆட்டுப் பால்...

"ஆட்டுக் கதையை எவன் கேட்டான்? அரெஸ்டுக்கு வா" என்றாள் அண்ணி.

"வந்துட்டே இருக்கேன் அண்ணி."

"நீ வர்றதுக்குள்ள கடையையே மூடிருவாங்க."

மார்ச் 4

இன்று அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். 'ஓரின் சிறையில் இருந்தபோது, மகனை நினைத்து நினைத்தே தாய் உயிர் விட்டாள்.'

அம்மா போனதை எனக்கு எவன் சொன்னான்? புதைத்து மூன்று வாரம் கழித்து ஒரு தபால் அட்டை. முன்னால் ஏதோ ஒரு ஏரிப் படம். பின்னால் மூன்று வரி. அதிலும் ஒரு வரி, டிராக்டர் ரிப்பேர்.

"அதை எடுத்துடு அண்ணி."

"ஏன்? படிச்சா அழுகை வருதுல்ல? அழுகைதான் மார்க்கு."

வெண்டல் சிரித்தான். "செத்தும் பிள்ளைக்கு உதவுறாடா நம்ம அம்மா!"

மார்ச் 5

விறகு பிளந்தேன். ஈரக்கட்டை. கோடரி மாட்டிக்கொண்டது.

மார்ச் 16

இன்னொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கடை திறந்த அன்றே என் பங்கு முழுக்க அண்ணனுக்குப் போய்விடும்.

"அப்ப நான்?"

"வாசல்ல நில்லு. வயசு அட்டை பார்த்து உள்ள விடு. உனக்கு நிக்கிறது பழக்கம்தானே?" — அண்ணி.

மலை நிலத்தை அடகு வைத்துத்தான் கடைக்கு இடம் பிடித்திருக்கிறார்களாம். லைசென்ஸ் வராவிட்டால் நிலம் பேங்குக்கு. என் டிரெய்லர் நிற்பதும் அதே நிலத்தில்தான். "ஒண்ணும் ஆகாது. கோர்ட்டு புஸ்தகத்துல உன் கேஸ் இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலையில்ல" என்று வெண்டல் என் தோளைத் தட்டினான். முதுகில் கை வைத்தானே, அதே கை.

மார்ச் 29, ஞாயிறு

தீயணைப்புக் கொட்டகையில் பான்கேக் விருந்து. வருஷா வருஷம் போவேன். மேலே ஊற்றுகிற சிரப்பு நல்லா இருக்கும், அசல் மேப்பிள் மரப் பாகு இல்லை, ஆனாலும் நல்லா இருக்கும். மூலையில் ஒரு வக்கீல் பொண்ணு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். பழைய கஞ்சா கேஸ்களைக் கோர்ட்டுப் புஸ்தகத்திலிருந்து இலவசமாக அழித்துத் தருகிறாளாம்.

"அழிச்சுட்டா திரும்ப வராது ஐயா. கடை லைசென்ஸ் கேக்கிற எண்ணம் இருந்தா இப்ப வேண்டாம். அந்தக் கேஸ்தான் அத்தாட்சி."

"பான்கேக் ஆறுதும்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

ஏப்ரல் 24

கோர்ட்டிலிருந்து கடுதாசி. கேஸை அழித்தாயிற்றாம். நான் எந்தக் குற்றமும் செய்யாதவனாம். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். பிறகு அடுப்பு பற்றவைக்க ஆயிற்று. நன்றாக எரிகிற காகிதம்.

அங்கே வெண்டல், கவுண்டி ஆபீஸில் பேசுவதற்காக, கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறான். "என் தம்பி பட்ட பாடு..." அந்த இடத்தில் குரல் உடைய வேண்டும். நன்றாகவே உடைகிறது.

மே 6

கவுண்டி ஆபீஸ். அண்ணி எனக்கும் சட்டை இஸ்திரி போட்டிருந்தாள். "பேரைக் கூப்பிட்டா எந்திரிச்சு நில்லு. வேற ஒண்ணும் பேசாத" என்றான் அண்ணன்.

திட்டத்தைப் புகழ்ந்தார்கள். அம்மா செத்ததை எழுதிய பக்கத்தைப் படித்தபோது ஒரு அதிகாரி அம்மாள் கண்ணைத் துடைத்தாள். பிறகு கோர்ட்டுப் பதிவைத் தேடிய ஆள் தலையைத் தூக்கினான். "இவர் மேல எந்தக் கேஸும் இல்லையே?"

வெண்டல் முகம் மாவு மாதிரி ஆனது. "இல்லாம எப்படி? டேய், சொல்லுடா! நீதானே உள்ள போன? சொல்லித் தொலைடா!"

எழுந்து நின்றேன். வேற ஒண்ணும் பேசவில்லை.

ஜூன் 30

நிலத்தில் பேங்குக்காரர்கள் விற்பனைப் பலகை நட்டார்கள். குழி நான்தான் தோண்டிக் கொடுத்தேன். அண்ணனுக்கு இடுப்புவலி. டிரெய்லரை எங்கே இழுத்துப்போவது என்று தெரியவில்லை.

அண்ணனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை போட்டு. அவன் போடாமல் குடிப்பவன்.