பழைய செல்லுலாய்டில் ஒரு கல்யாணப் பேனா

மார்ச் 4
டூரினில் பூட்டிப்போன பேனா ஆலையிலிருந்து எப்போதோ வாங்கி வைத்த செல்லுலாய்டு தண்டை இன்று கையில் எடுத்தேன். தேன் நிறம், கறுப்பு வரிகள். லேத்தில் மாட்டித் துளை போட்டதும் சமையலறை முழுக்கக் கற்பூர வாசனை. சீவலை உடனுக்குடன் தண்ணீர் டப்பாவில் போட்டேன்; ஒரு பொறி போதும், வீடே போய்விடும்.

மேல்மாடி ரேமோ மறுபடி எங்கள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டார். "நான் செஞ்ச பேனாலதான் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும்" என்றேன். மனிதருக்கு ஒரே குஷி. துளை போட்ட தண்டு மாதக்கணக்கில் சுருங்கும், அது நின்ற பிறகுதான் மரை வெட்ட முடியும், அவசரப்பட்டால் மூடி இறுகிப்போகும் என்பதை அப்புறம்தான் சொன்னேன்.

ஏப்ரல் 21
இன்னும் ஒரு முடியளவு சுருங்கியிருக்கிறது. ரேமோ: "அது சுருங்கி முடிக்கறதுக்குள்ள நான் சுருங்கிடுவேன், டெல்ஃபினா. அறுபத்தாறு ஆச்சு எனக்கு!"

மே 19
போன வாரத்து அளவேதான். அதற்கு முந்தைய வாரமும் அதேதான். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று ரேமோவிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மே 20
பயம். அதுதான். எத்தனையோ வருஷமாகத் தனியாக இருக்கிறேன். தோன்றினால் சமையல், இல்லாவிட்டால் ரொட்டியும் சீஸும். ரேமோவை ரொம்பப் பிடிக்கும். ஆனா தினமுமா? காலைல கண்ணு முழிச்சதும் யாராவது பேசினா எனக்கு ஆகாதே!

ஜூன் 9
வறுத்த குடமிளகாயும் நெத்திலியும் கொண்டுவந்தார். நான் காபி போட்டுவிட்டுத் திரும்பினால், தண்டை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போன மாசமே அளந்தேன். அப்பவே நின்னுபோச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். காபி பொங்குது பாரு."

வழிந்தேவிட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், காலைப் பேச்சு உட்பட. அவர் சிரிக்கவில்லை. "பத்து மணி வரைக்கும் நான் வாயே தொறக்க மாட்டேன். போதுமா?"

ஜூன் 10
லேத்தை மெதுவாக ஓடவிட்டுக் கடைந்தேன். மரை வெட்டினேன். மூடி அலுங்காமல் ஏறியது. எத்தனை தடவை கழற்றி மாட்டினேனோ!

ஜூன் 14
நகராட்சியில் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஜூலை 7
நேற்றுக் கையெழுத்துப் போட்டோம். பேனாவில் மை சீராக இறங்கியது. இதையும் அதில்தான் எழுதுகிறேன்.

மணி எட்டேகால். எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சொன்ன சொல் தவறவில்லை, ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலில் வெயில் எவ்வளவு அழகாக இருக்கிறது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கூப்பிடப் போகிறேன்.