என் வீட்டு ரசம்

12.3.2009, வியாழன், ஓசூர்

மனசு இன்னும் அடங்கவில்லை. அண்ணி சொல்லித்தான் தனி ரேஷன் கார்டு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று தாலுகா ஆபீஸ்காரர் விசாரணைக்கு வந்துவிட்டார். ஒரே வீட்டில் இருந்தாலும் தனியாகச் சமைத்தால்தான் தனிக் கார்டு.

கணவர் இறந்ததிலிருந்து நானும் மகளும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். போன வாரம் அண்ணி எனக்கென்று ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி மூலையில் வைத்தாள். ஒதுக்குகிறாள் என்று நினைத்து நான் அதைத் தொடவே இல்லை.

வாசலில் ஆபீஸ்காரர் குரல் கேட்டதும் அண்ணி அந்த ஸ்டவ்வைப் பற்றவைத்து, பாதி ரசத்தை என் பாத்திரத்தில் ஊற்றி ஏற்றினாள். அவர் இரண்டு மூடியையும் திறந்து பார்த்தார்.

“ரெண்டும் ஒரே வாசனையா இருக்கேம்மா?”



“அவளுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தானே சார்!” என்றாள் அண்ணி. இந்த வீட்டில் தினமும் ரசம் வைப்பது நான். அவர் சிரித்துவிட்டார். கார்டு வந்துவிடும் என்றார்.

அவர் போனதும் ரசத்தை அவள் பாத்திரத்திலேயே திருப்பி ஊற்றப் போனேன்.

“ஊத்தாத. உங்கண்ணன் கம்பெனில ஆளைக் குறைக்கறாங்க. எங்களுக்கு என்ன ஆனாலும் உன் அரிசி உன் பேர்ல வரட்டும். அது உன் வீட்டு ரசம்.”

ராத்திரி அண்ணன் இரண்டாம் தடவையும் கேட்டு ஊற்றிக்கொண்டது என் வீட்டு ரசத்தைத்தான்.