கோவா இலைக் கூரை

1963 ஜனவரி 22, நுவரெலியா

சந்தையில் ஒரு முட்டைக்கோவா வாங்கி வந்து, வெளியிலையை உரித்து மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். மெல்லிசுதான். ஆனால் விரலால் அழுத்தினால் தாங்குகிறது. நரம்பெல்லாம் முதுகுப் பக்கம் புடைத்திருக்கிறது, உட்பக்கம் வழவழப்பு. ஹோட்டல்காரர்கள் எங்கள் கம்பெனியிடம் கேட்கிற நீச்சல் மண்டபத்துக்கு இதுதான் கூரை! உள்ளே வெந்நீர்க் குளம், வெளியே இந்த ஊர்க் குளிர். ஆவி கூரையில் பட்டுத் தண்ணீராகும். அடியில் சட்டம் எதுவும் இல்லாவிட்டால் நீந்துகிறவன் தலையில் சொட்டாது, வளைவோடு வழிந்து ஓரத்துக்குப் போய்விடும். நடுவில் ஒரு தூண்கூட வேண்டாம்.

யாரிடம் சொல்வது? கீழ்க்கடைக்காரர் நான் சமைக்கப் போகிறேன் என்று நினைத்துக் கறிவேப்பிலை கொடுத்தார்.

ஜனவரி 30

தலைமைப் பொறியாளர் சேனாதீர நான் வரைந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். கம்பெனி முற்றத்தில் சிறிதாக ஒன்று கட்டிப் பாரம் ஏற்றிக் காட்டச் சொன்னார். தாங்கினால் என் கூரை. இல்லாவிட்டால் இரும்புத் தூணும் சட்டமும்.

தாங்கும்.

பெப்ரவரி 16

கொங்கிரீட் போட்டாயிற்று. இனிக் காத்திருக்க வேண்டும். எனக்கு வராத வேலை.

மார்ச் 24, ஞாயிறு

பாரத்துக்கு மணல் மூட்டை என்றால் ஏற்ற இரண்டு நாள், இறக்க ஒரு நாள். ஆட்கள் என்றால் தாமே ஏறித் தாமே இறங்குவார்கள். என் யோசனைதான். ஆளுக்கு நூற்றைம்பது இறாத்தல் எடை என்று பொறியியல் கைநூலில் இருக்கிறது; அந்தக் கணக்குக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆட்களை நாட்கூலிக்கு வரவழைத்தோம். கூரை முதுகில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரே கூத்து.

ராக்காயி என்கிற அம்மாள் உச்சியிலிருந்து கத்தினாள்: "ஏன் ராசா, குளிக்கிறதுக்கு எதுக்குக் கூரை? மழை பெஞ்சா நனைஞ்சிருவாங்களோ?"

"ஆடாம நில்லு ஆத்தா, நீ ஆடுனா கூரையும் ஆடும்" என்று பின்னாலிருந்து ஒருவன்.

கூரை அசையவில்லை. சேனாதீர கைகொடுத்தார். தலைமைப் படவரைஞர் முத்துலிங்கம் தேநீர் வாங்கித் தந்தார். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில் முதல் முறை.

மார்ச் 31, டயகம

அம்மாவுக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரி மேட்டில் இருக்கிறது. "நடந்துருவேன் வைரவா, விடு" என்றாள். விடாமல் தூக்கினேன். தூக்கியபோது கை ஏமாந்தது. இருக்கும் என்று நினைத்த கனம் இல்லை.

அங்கே நிறுத்துப் பார்த்தார்கள். எழுபத்தெட்டு இறாத்தல்.

கைநூலை எழுதினவன் வெள்ளைக்காரன். அவன் அவனுடைய ஊர் ஆளை நிறுத்தான். எனக்கு என்ன கேடு? நான் தோட்டக் கூலி லயத்தில் பிறந்தவன்தானே? முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் இவளைப் போலத்தான் இருந்தார்கள். கண்ணால் பார்த்தேனே! பாதிப் பாரம்தான் ஏறியிருக்கும்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 1

சொன்னேன். மணல் ஏற்று என்று சேனாதீர முற்றத்தைக் கையால் காட்டினார்.

வெளியே வந்ததும் முத்துலிங்கம்: "கல்லு மாதிரி நின்னுச்சேய்யா! வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? எங்க பேரும்ல கெடுது!"

"விழுந்தா உங்க பேரு கெடாதா?" என்று கேட்டேன். வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது.

ஏப்ரல் 6

மணல் ஏற்றினோம். முழுப் பாரம். ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் — ஒரு முழ நீளம். விழவில்லை. விழவும் விழாது. ஓரத்தைத் தடிப்பாக்கி, முதுகில் ஓடும் கொங்கிரீட் நரம்புகளை இன்னும் நெருக்கினால் போதும். சேனாதீரவிடம் சொன்னேன். அடுத்த சீசனுக்குள் மண்டபம் வேண்டும் என்கிறார்கள், உன் நரம்புக்கு நேரம் இல்லை என்றார்.

ஏப்ரல் 8

இரும்புத் தூண்கள். வரைய வேண்டியது நான்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. அம்மாவுக்குச் சுகமாம், ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். போகவில்லை. கடை பூட்டியிருந்தது. பிஸ்கட் தின்றேன். மத்தியானம் ஓரத்தின் கணக்கைத் திரும்பப் போட்டேன். தடித்த ஓரம் தாங்குகிறது. தாங்கி யாருக்கு?

ஏப்ரல் 29

முத்துலிங்கம் இப்போது வேலையைக் கூடச் சீட்டில் எழுதித்தான் மேசையில் வைக்கிறார்.

மே 16

இடம் வேண்டுமாம், முற்றத்துக் கூரையை உடைக்கச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை தொடங்கினார்கள். இன்று வியாழன். காலையிலிருந்து தூணுக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். சம்மட்டிச் சத்தம் நிற்கவே இல்லை. பொறுக்காமல் இறங்கிப் போனேன்.

விரிசல் விட்ட ஓரம் மட்டும் போயிருந்தது. மீதி அப்படியே இருந்தது. கந்தப்பன் என்பவர் உச்சியில் ஏறி நின்று ஓங்கி ஓங்கி அடித்தார். சம்மட்டி துள்ளித் துள்ளித் திரும்பியது.

"எந்த நாசமாப் போறவன் கட்டுனானோ! பேந்து வர மாட்டேங்குதே!"

"நான்தான்" என்றேன்.

சம்மட்டியை ஊன்றிக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏங்கய்யா, இத ஒடைக்கவா கட்டுனீங்க?"

இன்னொரு சம்மட்டி சும்மா கிடந்தது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறினேன். எந்த இடத்தில் அடித்தால் விட்டுக்கொடுக்கும் என்று எனக்குத்தானே தெரியும்.